சாங்கிக்கு முன்னால் ஒரு பேர்

1

இந்தக் கதை தேக்கா மார்க்கெட்ல, நான் வெண்டைக்காய் பொறுக்கிட்டு இருந்தப்ப பொறந்துச்சு. கூட வந்த ஹஸீனா, "பாக்கியம், பாய்மரப் படகு ஓட்டி பாஸ் பண்ணிட்டியாமே? எழுதிக் குடு, படிச்சிட்டு நம்புறேன்"னா.

எழுத உக்காந்தா ஒரு வார்த்தைல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரர் பேரு. பேரப்புள்ளைங்க பொறந்தும் நான் அதச் சொன்னதில்ல. (கிளினிக்ல கேட்டா அவரு அடையாள அட்டைய, அதான் ஐசிய, நீட்டிருவேன்.)

2

முதல்ல இப்படி ஆரம்பிச்சேன்: "நீலக்கடல் அவளை அழைத்தது, அவளும்..."

வேணாம். கடல் ஒண்ணும் கூப்பிடல. ரிட்டையர் ஆனதும் சேந்து ஏதாவது கத்துக்கலாம்னு அவருதான் இழுத்துட்டுப் போனாரு. தேக்காவுலயே வழி தவறிப் போற மனுஷன், அதனால சுக்கான் எனக்கு, பாய்க்கயிறு அவருக்கு.

சொல்லிக்குடுத்தது ரவூப் தம்பி. டெஸ்ட் என்னன்னா, ஈஸ்ட் கோஸ்ட்லேருந்து கரையோரமா சாங்கி வரைக்கும் படகு என் பொறுப்பு. நடுவுல ரவூப் சுக்கானத் தொட்டா நான் ஃபெயில். போன தடவ தொட்டுட்டாரு. காத்து வந்தப்ப நான், "என்னங்க, அந்தக் கயித்தக் கொஞ்சம் விடுறீங்களா"ன்னேன். ரெண்டு ஆம்பளைங்களும் திரும்பிப் பாத்தாங்க. கயித்த யாரும் விடல.

"ஆன்ட்டி, ஆர்டர் குடுங்க லா, பர்மிஷன் கேக்காதீங்க. பேரச் சொல்லுங்க."

"சொன்னா அவரு ஆயுசு குறையும் தம்பி."

"சொல்லலைன்னா மூணு பேரு ஆயுசும் குறையும்."

3

(ரெண்டாவது டெஸ்ட்ல நடந்தத மட்டும் ஒழுங்கா எழுத்துத் தமிழ்ல எழுதுறேன்.)

சாங்கித் துறை கண்ணுக்குத் தெரிந்தது. உபின் தீவுக்கு ஆள் ஏற்றிப்போகும் பம்போட் ஒன்று குறுக்கே வந்தது. நான் சுக்கானைத் திருப்பிய நேரம் காற்று அறைந்தது. படகு ஒருக்களித்துச் சாய, காலடியில் தண்ணீர் புகுந்தது. ரவூப்பின் கை சுக்கானை நோக்கி நீண்டது. என் கணவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் வாயைத் திறந்து...

இங்கதான் டைப் பண்ற விரல் நிக்குது. பேருக்குப் பதிலா புள்ளி வச்சுப் பாத்தேன். "ரித்திக் தாத்தா"ன்னு போட்டுப் பாத்தேன். அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள படகு கவுந்துரும், கதையும் சேந்து கவுந்துரும்.

இன்னொரு முடிவு: "ரவூப் சுக்கானைப் பிடித்து..." இல்ல. பிடிக்கல. அழிச்சிட்டேன்.

4

சரி.

"மாணிக்கம், கயித்த விடு!"

விட்டார். பாய் தளர, படகு நிமிர்ந்தது. பம்போட் எங்களைக் கடந்து போனது. ரவூப்பின் கை தன் மடிக்கே திரும்பியது. அங்கிருந்து சாங்கி வரை "மாணிக்கம், இழு", "மாணிக்கம், விடு" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஒரு "ங்க" கிடையாது.

(ஆயுசா? ஹால்ல டிவிய அலற விட்டுட்டு முறுக்கு தின்னுட்டு இருக்காரு.)

கரை சேந்ததும் கயித்தச் சுருட்டி வச்சிட்டு அவரு எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. அத நான் எழுத மாட்டேன். ஹஸீனா, நீயும் உன் வீட்டுக்காரர "ஸைஃப் அத்தா"ன்னுதானே கூப்புடுற? இன்னிக்கு ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு. அவரு என்ன சொல்றாரோ, அத இங்க எழுதிக்க.