முதலில் ஓடி வந்தவர்

நெடுஞ்செழியன் முதலாளி சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, அன்பானவராகத் திரும்பி வந்தார். ஆரணியிலிருந்த அவருடைய பட்டுத் தறிக்கூடத்துக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் அவர் எல்லாரையும் கும்பிட்டுச் சிரித்ததும், கூடத்தை இழுத்து மூடப்போகிறார் என்று முடிவுகட்டி இரண்டு பேர் கண்ணமங்கலம் போய் வேறு வேலை விசாரித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் வாசலில் பிளெக்ஸ் ஏறியது. ஓரத்தில் 'அன்பால் ஆள்வோம்' என்ற வரி. மீதி இடமெல்லாம் முதலாளியின் முகம். கேட்காமலே அடுத்தவருக்கு உதவுகிறவர் பெயருக்கு நேரே, கூடத்துச் சுவரில் மாட்டும் ஒரு பலகையில் தங்க நட்சத்திரம் ஒட்டப்படும் என்றார். ஒட்டுகிற பொறுப்பு மேனேஜர் பார்த்திபனுக்கு. மாதக் கடைசியில் பயிற்சிக்காரர் வந்து பார்ப்பார். பலகை காலியாக இருந்தால் மேனேஜர் நாற்காலிக்குச் சென்னையிலிருந்து ஆள் வரும். இதையும் முதலாளி அன்பாகத்தான் சொன்னார்.

பார்த்திபன் பயப்படவில்லை. அந்தக் கூடத்தில் யாரும் உதவியைக் கேட்டு வாங்கியதே கிடையாது. ஒருத்தர் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவின் இழைகளைப் பழசோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க உட்கார்ந்தால், பக்கத்துத் தறிக்காரர் ஊர்க்கதை பேசிக்கொண்டே எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்.

பலகை மாட்டிய நாளிலிருந்து ஒருத்தரும் உட்காரவில்லை.

பார்த்திபனுக்கு நாற்காலிக் கவலையைவிட இந்த விசித்திரம் பெரிதாக அரித்தது. தூணுக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தார். அந்தோணியம்மாள் தனியாக இழை சேர்த்துக்கொண்டிருந்தார். சாயம் போடுகிற சார்லி பாதி எழுந்தான், பலகையைப் பார்த்தான், பழையபடி உட்கார்ந்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்துக் கிளறியபோது சார்லி முனகினான்: "போனா நட்சத்திரத்துக்கு அலையறான்னு சொல்வாங்க. எதுக்குங்க அந்த பேஜாரு?"

சரி, பலகை வருமுன் எதற்காகப் போனான்? அது அவனுக்கே தெரியவில்லை.

மாதக் கடைசியும் வந்தது. அன்று காலை ஒரு கல்யாண ஆர்டருக்கான அரக்கு நிறப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தார்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்த மேகம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. நனைந்தால் பட்டு போச்சு, ஆர்டர் போச்சு, பார்த்திபனும் போச்சு. அவர் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார். கூடத்து ஆட்கள் வாசலில் வந்து குவிந்து, யார் முதலில் இறங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பார்த்திபன் சுற்றிலும் பார்த்தார். மூடுவதற்குத் தார்ப்பாய் இல்லை. கேட்டில் ஏறி, முதலாளியின் முகத்தைக் கிழித்து இறக்கி, சுருட்டியிருந்த மட்டும் பாவின்மேல் போட்டார்.

அப்புறம்தான் அது நடந்தது. திமுதிமுவென்று எல்லாரும் இறங்கினார்கள். கை மேல் கை விழுந்து, பாவு நொடியில் சுருண்டு பிளெக்ஸுக்குள் போனது.

மூச்சு வாங்கியபடி பார்த்திபன் அந்தோணியம்மாளிடம் கேட்டார், ஏன் வந்தீர்கள் என்று.

"போன வருசம் என் தறிப் பொடவையில எண்ணெ பட்டுச்சே தம்பி. யார் பண்ணதுன்னு ஒரு வார்த்த கேக்கல. கூட உக்காந்து தொடச்சிகினு இருந்தீங்க. இப்ப நீங்க தனியா நனைஞ்சிகினு இருக்கறத எவ்ளோ நேரம் வேடிக்க பாக்கறது?"

பார்த்திபனுக்கு அந்த எண்ணெய் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது. விஷயம் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து நட்சத்திர அட்டையை எடுத்தே விட்டார்.

"யாரு மொதல்ல ஓடி வந்தது?"

அந்தோணியம்மாள்தான் சொன்னார்.

"உங்க போட்டோதாங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். பிளெக்ஸில் அவருடைய மூக்கு அரக்குச் சாயத்தில் சிவந்திருந்தது. கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. அதுவும் ஒருவகை உதவிதான். காற்றில் பிளெக்ஸின் ஒரு முனை பாவை விட்டு நழுவியது. முதலாளி அட்டையைப் பையில் திணித்துவிட்டு அந்த முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிடிக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"அந்தப் பலகையக் கழட்டி உள்ள வெச்சிடு பார்த்திபா," என்றார், நனைந்துகொண்டே. "சென்னைக்காரருக்கு நான் போன் பண்றேன். நாற்காலி காலி இல்லன்னு."