எஞ்சின் பலகை

காலிதீன் ஹாஜியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, அவருடைய மனைவி உட்பட. கல்முனையில் டைல்ஸ் கடை போட்டு நல்லபடியாக இருக்கிற மனுஷன். கத்தாரில் வேலை செய்த காலத்தில் அமெரிக்கப் பழைய ரேஸ் கார் ஒன்றைக் கண்டாராம். அன்றிலிருந்து தூக்கம் கெட்டதாம். அதைப் பார்த்துச் செய்த நகல் உடம்பு ஒன்றைக் கொழும்பில் யாரிடமோ வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதில் கடலோரம் இருக்கிற என் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். நான் பைபர் படகு கட்டுகிறவன். அந்தக் காரின் உடம்பும் பைபர். எனக்கும் காருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

எஞ்சின் பிறகு வந்தது. கட்டில் அளவு மரப்பெட்டி. ஆணி பிடுங்கிப் பலகையைத் திறந்தால் உள்ளே எட்டு சிலிண்டர், ஏழு லீட்டர், ஒரு துளி தூசி இல்லாத புத்தம்புது எஞ்சின். சம்மாந்துறையில் டிராக்டரும் லொறியும் பார்க்கிற மெக்கானிக் இன்பாஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஹாஜியார், இதக் காருக்கு வாங்கினீங்களா, கப்பலுக்கா?"

"நீ பூட்டு. மிச்சத்த நான் பாத்துக்குவன்," என்றார் காலிதீன்.

"மெதுவாக் கதைங்க ரெண்டு பேரும். உள்ள தங்கச்சி இத்தாவுல இரிக்கா," என்றேன்.

பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். வீட்டின் பின்னறையில் என் தங்கை சுல்பிகா வெள்ளைப் புடவையோடு இத்தா இருந்தாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், பிற ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மற்றப் பெண்களுக்கு இறந்தவரின் மையித்து அடக்கத்துக்கு வீட்டைவிட்டுப் போன அன்றே அது தொடங்கிவிடும். சுல்பிகாவுக்கு மையித்தே வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் ஸஹீத் கடலுக்குப் போனான். படகு கோமாரிப் பக்கம் மிதந்து வந்தது. ஆளும் இல்லை, எஞ்சினும் இல்லை. படகின் பின்பக்கத்தில் எஞ்சினை மாட்டுகிற தடித்த பலகையில், திருகாணி கவ்விய இரண்டு வட்டத் தழும்பு மட்டும் துப்புரவாக இருந்தது. யாரோ அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து கழற்றியதுபோல.

"எஞ்சினக் கழட்டிக்கிட்டுப் போனவரு, எஞ்சினோட வருவாரு," என்றாள் சுல்பிகா. மூன்று வருஷமும் இதையே சொன்னாள்.

எங்கள் கரையில் பெண்கள் படகைப் பார்த்து அறிவதில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே எஞ்சின் சத்தத்தில் தங்கள் ஆளை அறிவார்கள். அறிந்ததும் அடுப்பில் கேத்தலை வைப்பார்கள். அவன் கரையேறி வீடு வர, தண்ணி கொதித்திருக்கும். ஸஹீதின் எஞ்சின் கிழட்டு எஞ்சின். மூன்று அடி அடித்து நாலாவதை விழுங்கும். அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் இரண்டு தரம் அதைத் தணித்து ஏற்றுவான். பிறகு நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணியில் தொப்பென்று குதிப்பான். இதையெல்லாம் கேட்காத நாளில் அவள் கேத்தலைத் தொட்டதில்லை. அப்படி மூன்று வருஷம் அவள் பொழுதுபட்டால் தேநீர் குடிக்கவில்லை.

என் பொறுமை போய்விட்டது. காதியாரிடம் போய், சாட்சி கொடுத்து, ஸஹீத் மௌத்து என்று தீர்ப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அவளிடம் கத்தினேன். உயிரோடு இருக்கிறவள் இப்படிக் காய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் கல்லா?

"சரி காக்கா. நீங்க சொன்னாக்க இரிக்கன்," என்றாள். எனக்காகத்தான் உட்கார்ந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், எப்படியோ முடிந்தால் போதும் என்றிருந்தேன்.

எஞ்சினை இறக்கும் வேலை சனிக்கிழமை தொடங்கியது. படகு தூக்குகிற செயின் புளொக்கில் கட்டி, பின்பக்கம் தாழ்த்தி, முகம் தூக்கி, அங்குலம் அங்குலமாக விட்டோம். பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சினின் பின்தலை, சாரதியின் காலுக்கு முன்னால் நிற்கிற பைபர் சுவரில் முட்டியது. அந்தச் சுவரை வெட்டி உள்ளே தள்ளிக் கட்டினால்தான் இடம் வரும். தள்ளிக் கட்டுகிற சுவருக்கு உள்ளே தடித்த பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த எஞ்சினின் அதிர்வில் வெடித்துவிடும்.

பலகை வேலியோரம் கிடந்தது. ஸஹீதின் படகிலே. மூன்று வருஷ வெயிலிலும் மழையிலும் உளுத்துப் போகாத பலகை. தீர்ப்பு வந்த பிறகு அந்தப் படகை எப்படியும் உடைக்கத்தான் இருந்தேன். அது கண்முன்னே கிடக்கும்வரை சுல்பிகாவுக்கு விடிவில்லை. கிரைண்டரை எடுத்து எஞ்சின் பலகையை அறுத்தேன். தழும்பு இரண்டையும் பார்த்த இன்பாஸ் கையை எடுத்துக்கொண்டான்.

"ஜெமீல் காக்கா, இது வேணாமே."

"பலகைக்கு என்னடா தெரியும்?" என்று சிரித்தேன். பைபர் பாயும் ரெசினும் போட்டு மூடினேன். மறுநாள் எஞ்சின் சொல்லி வைத்ததுபோல உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து முதல்தரம் ஸ்டார்ட் பண்ணினோம். பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. காலிதீன் கையைத் தட்டினார். பிறகு இன்பாஸ் மிதியிலிருந்து காலை எடுத்தான், எஞ்சின் தணிந்து ஓடியது. மூன்று அடி. ஒன்றை விழுங்கியது. மூன்று அடி. ஒன்றை விழுங்கியது.

புது எஞ்சின் தணிந்து ஓடுகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அப்போது யாரும் மிதிக்காமலே சத்தம் தணிந்து ஏறியது. இன்னொரு தரம் தணிந்து ஏறியது. பிறகு தானாக நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் கேத்தல் மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"காக்கா," என்று சுல்பிகா கூப்பிட்டாள். மூன்று வருஷமாக நான் கேட்காத குரல். "தண்ணி வெச்சிட்டன். அவரு வாறாரு. கயிறு புடிக்க ஆள் அனுப்புங்க."

நான் உள்ளே ஓடிப்போய்க் கத்தினேன். ஹாஜியாரின் காரடி அது, கார் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "காருச் சத்தம் எனக்குத் தெரியாதா காக்கா? அதுக்குள்ள இருந்து இவரு வாறாரு," என்றாள். அடுப்பை நான்தான் அணைத்தேன்.

மறுநாள் இன்பாஸ் பிளக் எட்டையும் மாற்றினான், கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினான். ஸ்டார்ட் பண்ணினால் அதே மூன்று, அதே விழுங்கல், அதே இரண்டு தணிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் அதே கேத்தல். காலிதீன் மட்டும் சந்தோஷமாக இருந்தார், நல்ல ராகமாக இருக்கிறதாம்.

வியாழன் பகல், அந்தப் பலகையை வெட்டி எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். காலிதீன் கத்தினால் கத்தட்டும். என் தங்கை இத்தாவை முறித்துக்கொண்டு கடலுக்கு ஓடினால் யார் பதில் சொல்வது? ஓடினால் நிற்பாளா, தண்ணிக்குள் இறங்கிவிடுவாளா? முந்தைய இரவு முழுக்க இந்தப் பயம்தான்.

வெட்டுகிறபோது தீப்பொறி பறக்கும் என்று இன்பாஸ் பெற்றோல் குழாயைக் கழற்றினான். பற்றரியையும் கழற்றித் தரையில் வைத்தான். நான் கிரைண்டரைக் கையில் எடுத்தேன்.

மூன்று அடி. ஒன்றை விழுங்கியது.

நாங்கள் இரண்டு பேரும் எஞ்சினைப் பார்த்தோம். அது அசையவில்லை. இன்பாஸ் அதன்மேல் கையை வைத்து, "குளிர்ந்து கிடக்கு காக்கா," என்றான்.

சத்தம் கிழக்கே இருந்து வந்தது. கடல் பக்கம். கச்சான் காற்று அடிக்கிற மாதம், காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் போகும். அந்தக் காற்றில் கடலில் யாராவது கூவினாலும் கரைக்குக் கேட்காது. இது காதுக்குள் வந்து அடித்தது.

சுல்பிகா வெளியே வந்துவிட்டாள். வெள்ளைப் புடவையோடு, இன்பாஸ் நிற்பதையும் பார்க்காமல், எங்களைத் தாண்டிக் கடலுக்கு நடந்தாள். நான் கிரைண்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். அலை காலில் படுகிற இடத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்து வருவதற்குத்தான் பிடித்தேன். ஆனால் சத்தம் நெருங்கி வந்ததும், அதே கையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேயே நின்றேன்.

கடல் குளம்போலக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் படகு இல்லை. சத்தம் மட்டும் வந்தது. அலை உடைகிற இடத்தில் ஒருதரம் தணிந்து ஏறியது. இன்னொருதரம் தணிந்து ஏறியது. மண்ணெண்ணெய் மணத்தது. எங்களுக்குப் பத்தடி முன்னால் வந்து எஞ்சின் நின்றது.

சுல்பிகா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். முழங்கால் தண்ணியில் குதிக்கிற சத்தத்துக்கு. யா அல்லாஹ், குதித்துவிடு மச்சான் என்று நான் கேட்டேன். எவனுடைய மௌத்துக்குச் சாட்சி சொன்னேனோ, அவனிடம் கேட்டேன்.

ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது.

"அவரு இறங்கல்ல, காக்கா," என்றாள் சுல்பிகா.

அதற்குப் பிறகுதான் அழுதாள். மூன்று வருஷத்தில் முதல்தரம் அழுதாள். நானும் அழுதேன், இன்பாஸ் பார்க்கிறானே என்றுகூட எனக்கு இல்லை.

வீட்டுக்குள் வந்தபோது கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அவளே அடுப்பை அணைத்தாள். தண்ணியை முற்றத்து மண்ணில் ஊற்றினாள். கதவடியில் நின்று, "இண்டையில இருந்து எண்ணுங்க காக்கா," என்றாள். "முன்ன இருந்தது ஒங்களுக்காக இருந்த."

தீர்ப்புப்படி பாதி நாள் கழிந்துவிட்டது என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். நான் அவள் சொன்ன நாளிலிருந்தே எண்ணினேன்.

பலகையை நான் வெட்டவில்லை. மறுநாள் இன்பாஸ் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் எட்டு சிலிண்டரும் ஒன்றையும் விழுங்காமல் உறுமியது. காலிதீனுக்கு முகம் வாடிவிட்டது, பழைய ராகம் போய்விட்டதாம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் அந்தக் காரில் எங்கள் தெருவால் போகிறார். தகரமெல்லாம் அதிரும். நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுப்பேன். சத்தம் பள்ளிச் சந்தி தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அடுப்பில் கேத்தல் வைக்கிற சத்தம் வருவதில்லை.