காப்புக் கட்டிய விமானம்

நாகேந்திரன் செய்த விமானம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு மேலமடைக்குடிக் கண்மாய்க் கரையிலிருந்து கிளம்பியது. இருபது நிமிடத்துக்கு மட்டும் பெட்ரோல் ஊற்றிய அந்த விமானம் இன்னும் இறங்கவில்லை; இது மூன்றாவது வருடம். அந்தப் பங்குனியில் கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் கிடந்தது, வைக்கோல் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. விமானம் இறங்காததில் ஊரில் மற்றவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நாகேந்திரனின் மனைவி சண்முகவள்ளிக்குத்தான் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் மண்டியது. விமானத்தின் மூக்கில் சுற்றிக்கொண்டிருந்தது அவள் வயலுக்கு மருந்தடிக்கும் மிஷினின் இன்ஜின்.

நாகேந்திரனுக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. ரிமோட்டில் ஓடும் பெரிய விமானங்களை யூடியூபில் பார்த்துப் பார்த்து, தானும் ஒன்று செய்வதென்று இறங்கி, வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டடி இறக்கையைக் கிடத்தினார். ஒரு வருடம் சண்முகவள்ளி அந்த இறக்கையைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போனாள்; சட்டகத்துக்காக வெட்டிய கல்யாண முருங்கைக் கட்டையின் தூள் சோற்றில்கூட விழுந்தது. முதலில் வைத்த பேட்டரி மோட்டார் புகைந்தது. அடுத்து வைத்த புல்வெட்டி இன்ஜின் அதிர்ந்த அதிர்வில் வால் கழன்று கோழிக்கூண்டில் விழுந்தது. மூன்றாவதாக, அவள் களையெடுக்கப் போயிருந்த நேரத்தில் மருந்து மிஷினைப் பிரித்துவிட்டார். வந்து பார்த்தவள் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கார்த்திகைக்குள்ள கழட்டித் தந்துருவேன் புள்ள.”

“போன தடவ புல்லுவெட்டியவும் இப்பிடித்தான் சொன்னீக. அது இப்ப எங்கன கெடக்கு?”

விமானம் பறந்த செவ்வாய்க்கிழமைதான் அம்மன் கோயில் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டிய நாளும். வாலில் கொக்கி வைத்து, திருவிழாவன்று அம்மன் பெயர் எழுதிய துணியை இழுத்துப் பறக்கவிடுவது நாகேந்திரனின் திட்டம். சண்முகவள்ளிக்கு ஒரே கவலை, விமானம் தன் இன்ஜினோடு கடற்கரைப் பக்கம் பறந்து தொலைந்துவிடக்கூடாது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். மடியில் மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, “எல்லையத் தாண்டாமக் கெட” என்று கடுப்போடு சொல்லி, விமானத்தின் மூக்கடியில் மூன்று முடிச்சுப் போட்டாள். செய்த தப்பு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே முதல் முளைப்பாரியை எடுப்பது கீழத்தெருவா மேலத்தெருவா என்று தகராறு வந்து திருவிழா நின்றுபோனது. காப்புக் கட்டியிருந்த மனிதர்கள் ஆளுக்கொரு சூடம் கொளுத்தி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு அவிழ்த்துக்கொண்டார்கள். வானத்தில் இருந்ததற்கு அவிழ்த்துவிட ஆளில்லை. பெட்ரோல் தீர்ந்த பிறகும் அது வடக்கே எல்லைக்கல் வரை போய்த் திரும்பியது, தெற்கே பனங்காட்டோரம் திரும்பியது. நாகேந்திரன் ரிமோட்டுக்கு நான்கு பேட்டரி மாற்றிப் பார்த்தார். விசாரிக்க வந்த எஸ்.ஐ. அரைமணி நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு, எல்லை தாண்டாதவரை தன் ஸ்டேஷனுக்கு வேலையில்லை என்று மோர் குடித்துவிட்டுப் போனார். கண்மாய்க்கு வரும் நாரைகள் ஒரு வாரத்தில் அதற்கு வழிவிடப் பழகிக்கொண்டன.

கார்த்திகையில் நெல்லில் சுருட்டுப்புழு விழுந்தது. ஊரில் இருந்த மருந்து மிஷின்களையெல்லாம் மற்றவர்கள் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார்கள். சண்முகவள்ளிக்கு முறை வந்தபோது ஒன்பது நாள் கடந்திருந்தது. இரண்டு ஏக்கரில் பாதி வெளுத்துவிட்டது. அடுத்த கார்த்திகையில் புழுவை மறுபடி பார்த்ததும் அவள் வரப்பில் நின்று மேலே பார்த்துக் கத்தினாள்.

“ஏலே, எங்க வீட்டு இன்ஜின வச்சுக்கிட்டு ஊர் சுத்துறியே, ஒனக்கு வெக்கமா இல்ல? எறங்கி வாலே!”

மறுநாள் காலை விமானம் பயிர் மட்டத்துக்குத் தாழ்ந்து அவள் வயலுக்கு மேல் மட்டும் போய்வந்தது. புழுவை உதறித் தண்ணீரில் விழவைக்கப் பயிர்மேல் கயிறு இழுப்பது அங்கே வழக்கம்தான். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், முதுகும் வேண்டும். அவள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். வால் கொக்கி அதை வாங்கிக்கொண்டது. வயல் முழுக்க ஆறு முறை இழுத்துவிட்டு, கயிற்றை வரப்பில் போட்டுவிட்டு மேலே போனது. அந்த வருடம் மூட்டைக்குக் குறைவில்லை. சண்முகவள்ளி அதைப் பாராட்டவில்லை. “எம் பொருளு எனக்கு ஒழைக்குது, இதுல என்ன?” என்றாள்.

மூன்றாம் கார்த்திகையில், மாறுதலாகிப் போகவிருந்த ஓர் அதிகாரி திருவிழாத் தகராறு பற்றிய கோப்பை மூடிவிட்டுப் போக நினைத்து இரண்டு தெருவையும் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு தெருவின் முதல் முளைப்பாரியும் ஒரே நேரத்தில் புறப்படுவதென்று முடிவாகி, நின்றுபோன திருவிழா நடந்தது. ஊருணியில் முளைப்பாரி கரைந்ததும் விமானம் கண்மாய்க் கரைக்கு வந்து சண்முகவள்ளியின் மார்பு உயரத்தில் நின்றது. காப்பு அன்று கட்டியதுபோல் ஈரமாக இருந்தது. கட்டியவள்தான் அவிழ்க்கவேண்டும் என்றார் பூசாரி வீரமணி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் முடிச்சில் கை வைத்தபோது நாகேந்திரன் காதோரம் குனிந்தார். “சீக்கிரம் அவுறு புள்ள. இத நம்ம பம்புசெட்டு இன்ஜினோட சேத்தம்னா இருபதடி றெக்கைக்குத் தாங்கும்.”

சண்முகவள்ளி கையை எடுத்தாள். கணவனைப் பார்த்தாள், கரைக்கு அப்பால் தெரிந்த தன் வயலைப் பார்த்தாள். அங்கங்கே இலை சுருளத் தொடங்கியிருந்தது.

“என்னம்மா, அவிழ்த்து விடுங்க. நான் போகணும்” என்றார் அதிகாரி.

“நீங்க போங்க சார். இதுக்கு வேல கெடக்கு” என்றாள். பிறகு நாகேந்திரனிடம், “பயிர்மேல இழுக்குற கயிற எடுத்துட்டு வாங்க. பம்புசெட்டுப் பக்கம் போனீகன்னா ஒங்களுக்கும் ஒரு காப்பக் கட்டி மேல அனுப்பிருவேன்.”

திருவிழா நல்லபடி முடிந்ததாக எழுதிக் கோப்பை மூடினார்கள். விமானம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பம்புசெட் அறைக்குச் சண்முகவள்ளி பூட்டுப் போட்டாள். பயிர்மேல் இழுக்கும் கயிறு நைந்துவிட்டதால், அடுத்த கார்த்திகைக்கு இருக்கட்டும் என்று புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.