லேசான வேலை

வேம்புவுக்கு அன்று காலையில் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டியிருந்தது. நான்கு வருடமாகச் சுண்ணாம்புக்கல் கூடையைச் சுமந்து, பலகை மேல் ஏறி, லாரியில் கொட்டிய கழுத்து.

ரெட்டிபாளையம் பக்கத்துக் குவாரி அது. அவள் புருஷன் அமாவாசைக்கும் அதே கூடை, அதே பலகை, அதே லாரி. அவனுக்கு நாள் கூலி ஆறு ரூபாய், அவளுக்கு நாலு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காண்ட்ராக்டர் வைத்திலிங்கம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெண்கள் செய்வது 'லேசான வேலை' என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டார். சங்கத்துக்காரர் எழுதித் தந்த மனுவில் வேம்பு கைநாட்டு வைத்தாள். அதை விசாரிக்கத்தான் திருச்சியிலிருந்து லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"ஜீப்பு வந்துட்டுப் போவட்டும். லேசான வேலைதான்னு ஆயிடுச்சுன்னா நாளையிலேருந்து நீ இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி வீரமுத்து.

"தலையே திரும்பல மேஸ்திரி. எந்தப் பக்கம் படுத்தா என்ன?"

தூரத்தில் ஜீப்பின் புழுதி தெரிந்தது. வீரமுத்து பெண்களிடம் ஓடி வந்தார். "கூடை நெறையலடி, வூட்ல தின்ன சோறெல்லாம் எங்க போச்சு" என்று தினமும் கத்துகிற மனுஷன், கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"இன்னிக்கு ஒரு நாள் அரைக்கூடை அள்ளுங்கடி. போதும். ஒங்களுக்கும் நோவாதுல்ல?"

"அரைக்கூடை தூக்கினா அரைக்கூலின்னு நீங்கதான சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆண்டாயி கூடையைக் குவித்தாள். மற்றவர்களும் குவித்தார்கள். வேம்பு தேங்காய் பருமனில் இரண்டு கல் பார்த்து எடுத்துக் குவியலின் உச்சியில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் அமாவாசையைக் கூப்பிட்டார். "நீங்களும் உங்க சம்சாரமும் ஒரே வேலைதான் செய்யறீங்களா?"

அமாவாசை காண்ட்ராக்டரைப் பார்த்தான். வேம்புவைப் பார்த்தான். ராத்திரிச் சோறு யார் கையில் என்று யோசித்தான்.

"ஒரே வேலை இல்லீங்க சார்."

காண்ட்ராக்டர் சிரித்தார்.

"அவ என்னை விட ரெண்டு நடை கூடப் போவா. நடுவுல நான் பீடி குடிக்கணும்ல."

வைத்திலிங்கம் முந்திக்கொண்டார். "இதெல்லாம் ஒரு கனமா சார்? எங்க மேஸ்திரி ஒத்தக் கையில தூக்கிட்டுப் போவான்."

"அப்படியா? தூக்கச் சொல்லுங்க."

வீரமுத்து வேம்புவின் கூடையைப் பிடித்தார். முழங்கால் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வேம்பு தன் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி அவர் தலையில் வைத்தாள். அவளும் ஆண்டாயியுமாகக் கூடையைத் தூக்கி ஏற்றினார்கள். மேஸ்திரியின் கழுத்து காணாமல் போனது.

"நடங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், எறக்கச் சொல்லுங்க சார்."

"லேசா, கனமா? அதைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வீரமுத்து கண்ணை மட்டும் காண்ட்ராக்டர் பக்கம் உருட்டினார். வைத்திலிங்கம் விரலை ஆட்டி வேண்டாம் என்றார். தலைமேல் கூடை ஒரு பக்கம் சாய்ந்தது.

"கனம் சார்! எங்க அம்மா மேல சத்தியமா கனம்! எறக்குங்கடி!"

"எழுதி முடிச்சுடட்டும், இருங்க" என்றாள் வேம்பு.

எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் இறக்கினார்கள். வீரமுத்து கையெழுத்துப் போட்ட இடத்தில் வியர்வையும் சொட்டியிருந்தது.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. பெண்களுக்கும் ஆறு ரூபாய் ஆனது. வேம்புவின் வேலை போகவில்லை. இதுவரை குறைத்த கூலியையும் கொடுக்க வேண்டும் என்று அதே தாளில் இருந்தது. வைத்திலிங்கம் ஆறு ரூபாயை மட்டும் படித்தார், அடுத்த வரியைப் படிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு, வேலை செய்த நாளுக்கு இரண்டு ரூபாய் வீதம், அவர் வேம்புவுக்குத் தர வேண்டிய பாக்கி இன்னும் நிற்கிறது.