ஏழாம் படத்துப் பெண்

ஓவியனுக்கு ஏழாம் படம் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. கல்லூரி மாணவர்களுக்கான பாலியல் சம்மதப் பாடத்துக்கு அவன் வரைந்துகொண்டிருந்த படங்களில் ஒன்று அது. மற்ற படங்களெல்லாம் மடமடவென்று முடிந்துவிட்டன. கை நீட்டி ‘வேண்டாம்’ என்பவளை வரைய என்ன பெரிய வித்தை வேண்டும்? ஏழாம் படத்தில் பெண் வாயே திறக்கக் கூடாது. காதலன் நெருங்கி உட்கார்ந்திருப்பான். அவளுக்கு இஷ்டமில்லை என்பது பார்த்தாலே புரிய வேண்டும். மௌனம் சம்மதம் என்று பழகிப்போன கண்களுக்கு இதை எப்படி வரைந்து காட்டுவது?

பாடத்தை நடத்தும் பேராசிரியை, ஒவ்வொரு படத்தையும் சில மாணவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பார். ஏழாம் படத்துக்கு வந்த பதில்கள்: “வெக்கப்படுறா.” “தூக்கம் வருது போல.” “கோச்சுக்கிட்டா, சமாதானம் பண்ணணும்.” ஓவியன் தலையில் அடித்துக்கொண்டான். திங்கட்கிழமை கல்லூரி முழுக்கப் பாடம் தொடங்குகிறது. அவன் தங்கையும் அங்கேதான் படிக்கிறாள். அவள் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்ற கவலை வேறு.

வெள்ளிக்கிழமை காலை கை தானாக ஓடியது. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் தங்கை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த கோலம் அவன் கண்ணில் அப்படியே நின்றிருந்தது. தோளிலிருந்து பையை இறக்கவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு. கட்டைவிரல்கள் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கிப் பொத்தியிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். அந்த வாலு அன்றைக்கு ஏன் சுருண்டு கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பை, செருப்பு, விரல் எல்லாவற்றையும் அவன் படத்தில் கொண்டுவந்தான். முகத்தை மட்டும் மாற்றினான். மகா யோக்கியன்.

மதியம் அந்த மாணவர்கள் முன்னால் படம் திரையில் விழுந்தது. ஓவியன் கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“இவளுக்கு இது வேண்டாம்,” என்றாள் ஒரு மாணவி.

“பயந்துபோய் இருக்கா,” என்றான் ஒருவன். யாரும் மறுக்கவில்லை. பேராசிரியை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஓவியனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அப்போது முன்வரிசைப் பெண் கேட்டாள். “பாத்த உடனே நமக்கே தெரியுது. பக்கத்துல இருந்தவனுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

அவள் படத்துக் காதலனைத்தான் சொன்னாள். ஆனால் அந்த மாலை பக்கத்தில் இருந்தவன் ஓவியன். தலைவலியா என்று அவனே கேட்டு, அவனே மாத்திரையையும் கொடுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மேட்சைப் பார்க்கப் போனவன்.

வராந்தாவில் பேராசிரியையின் பின்னால் ஓடினான். “மேடம், அந்தப் படம் வேண்டாம். வேற வரைஞ்சு தரேன்.”

“விளையாடுறீங்களா? இதுக்குத்தானே இத்தன நாள் தவம் கிடந்தோம்.”

“ஒருத்தரப் பாத்து வரைஞ்சது. அவங்களக் கேக்கல.”

பேராசிரியையின் முகம் மாறியது. “இந்தப் பாடத்துக்கா கேக்காம வரைஞ்சீங்க? போய்க் கேளுங்க. சாயங்காலம் நான் கூப்பிடுறேன். அதுக்கப்புறம் பாடப் படங்கள் எல்லார் போனுக்கும் போயிடும்.”

வீட்டில் வாலு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போனை நீட்டினான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நான்தானே?”

“ம்.”

“கட்டைவிரலக்கூடக் கவனிச்சிருக்க.”

“அன்னிக்கு என்னடா ஆச்சு?”

“தலைவலின்னு நீதானே சொன்ன. நானும் மாத்திரைய முழுங்கினேன்.”

பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. “எந்தப் பய? அவன் பேரச் சொல்லு,” என்று கத்தினான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “சரி, இந்தப் படத்த இப்பவே தூக்கச் சொல்றேன்,” என்று அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

“வரையறப்பவும் என்னக் கேக்கல,” என்றாள் அவள். “எடுக்கறதுக்கும் கேக்க மாட்டியா?”

அவன் போனை அவள் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். “உனக்கு என்ன வேணும்?” இத்தனை வயதில் அவளிடம் அவன் ஒருமுறையும் கேட்காத கேள்வி.

“தெரியலண்ணா. அவனும் எங்க வகுப்புதான். இதப் பாத்து அவன் திருதிருன்னு முழிக்கணும்னும் இருக்கு. பாத்துட்டு என் பக்கம் திரும்பிடுவானோன்னு பயமாவும் இருக்கு.”

போன் அடித்தது. பேராசிரியைதான். அவன் கை நீட்டவில்லை. அடித்து ஓயும் நேரத்தில் அவள் எடுத்தாள்.

“மேடம், நான் அவர் தங்கச்சி பேசறேன். அந்தப் படத்துல இருக்கறது நான்தான். இருக்கட்டுமா, எடுக்கணுமான்னு எனக்கு இன்னும் தெரியல.” மடித்த துணிகளை ஓரமாகத் தள்ளினாள். “ஆனா அது நடந்துச்சு மேடம்.”

அவள் அழவில்லை. அண்ணன்காரன்தான் இத்தனை மாதத்துக்கும் சேர்த்து வைத்து அழுதான்.