இரண்டு சுற்று ஸ்பிரிங்

பாதைக்குக் குறுக்கே ஓடையில் துருத்திக்கொண்டிருக்கும் ஓடைக்கல் வந்ததும் புவனேஸ் காரை நிறுத்தினான். அவன் சொல்லாமலே மற்ற மூவரும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்கள். முன் இருக்கையிலிருந்து அவன் மனைவி விக்னேஸ்வரி, பின்னாலிருந்து அடுத்த வீட்டு அம்சவல்லி, அவள் கணவர் நல்லுசாமி. ஞாயிற்றுக்கிழமை காலை, டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிற வழி. மூவரும் சேற்றில் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி அக்கரையில் போய் நின்றார்கள். புவனேஸ் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாகக் கல்மேல் ஏற்றி இறக்கினான். அப்படியும் காருக்கு அடியில் 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"நாம கார்ல போறமா, இல்ல காரக் கூட்டிக்கிட்டு நடந்து போறமா தம்பி?" என்றாள் அம்சவல்லி.

"மெயின் ரோட்டுக்கு வாங்கக்கா, அப்பறம் பேசுங்க. வளைவுல சும்மா ரோட்ட ஒட்டிக்கிட்டுப் போவும்லா."

அம்சவல்லி சேலை நுனியை உதறிவிட்டு, சிரித்தபடியே ஏறிக்கொண்டாள். அவளுக்கு எதையும் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் பழக்கம். அதனாலேயே அவள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வரிசையாக இருபது வீடுகள். பகலில் அங்கே நிற்கிற கார் ஒன்றே ஒன்று, புவனேஸின் இருபத்திரண்டு வயதான சின்ன ஹேட்ச்பேக். தேயிலை ஃபேக்டரியில் அவனுக்கு வேலை, நடந்தே போய்விடுவான். அதனால் கார் சாவி அவன் வீட்டு வாசல் ஆணியில் தொங்கும். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும், லைசென்ஸ் உள்ளவர் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்கக்கூட வேண்டாம் என்பதுதான் அந்த லயத்து வழக்கம். அங்கே மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தார்கள் என்றால், அது அந்தக் கார் செய்த புண்ணியம்.

போன வருஷம் தாப்பாவுக்கு இறங்குகிற மலை ரோட்டில் ஒரு மழை நாளில் காரின் பின்பக்கம் வழுக்கி, பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. புவனேஸ் அன்று உண்மையிலேயே பயந்துபோனான். பயத்தில் தப்பில்லை. ஆனால் அதற்கு மருந்து தேடப் போனவன் கைப்பேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்த கார்கள், சாயாமல் குலுங்காமல் வளைவில் பாய்கிற கார்கள். பார்க்கப் பார்க்கப் பயம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒர்க்‌ஷாப் ஆண்டியப்பன் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"வழுக்குனது டயருய்யா. மொட்டையா கெடக்கு பாரு. ஸ்பிரிங்க என்னத்துக்கு வெட்டச் சொல்ற? ஒங்க லயத்து ரோட்டுக்கு எறக்குன காரு சரிப்படாது."

"ரெண்டு சுத்து வெட்டுங்கண்ணே, போதும். டயர அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"போலீஸ்காரன் புடிச்சு ஃபைன் கட்டச் சொல்லி சமான் குடுத்தா என் பேரச் சொல்லாத."

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்ன அதே கை கிரைண்டரை எடுத்தது. அன்று மாலை கார் நான்கு விரற்கடை தாழ்ந்து வீட்டுக்கு வந்தது. வளைவுகளில் அது நன்றாகத்தான் போனது, பொய் சொல்லக் கூடாது. மெயின் ரோடு சேருகிற வரைதான் தொல்லை. அதற்குத்தான் ஓடைக்கல்லில் ஆட்களை இறக்கி நடக்க வைத்தானே! ஒரு மாதத்தில் அதுவும் பழகிப்போனது.

பழகாதது ஒன்றுதான். யாரோ காரை எடுத்துப் போய் அடியை உரசிக்கொண்டு வந்ததிலிருந்து சாவி ஆணியில் தொங்கவில்லை. புவனேஸின் சட்டைப் பையில் இருந்தது.

"ஆணி வெறுமனே இருக்கு, பாக்கவே நல்லால்ல," என்றாள் விக்னேஸ்வரி.

"மத்தவங்களுக்கு இத ஓட்டத் தெரியாது. அடி போயிரும்."

"அப்ப நீங்க ஃபேக்டரில இருக்கறப்ப யாருக்கும் ஒடம்புக்கு முடியாமப் போவக் கூடாதுன்னு லயத்துல சொல்லி வச்சிருங்க."

புவனேஸ் அதைக் கேட்டுச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அம்சவல்லி மலைச்சரிவில் பெரிய கத்தரிக்கோல் போட்டுத் தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி எங்கேயோ ஒரு குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. பத்துப் பதினைந்து கொட்டு. லயத்துக்குக் கொண்டு வருவதற்குள் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு விசிலடிக்கிற மாதிரி இழுத்தது. தோட்டத்து ஜீப் வேறு டிவிஷனுக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கார் மட்டும் போகிற குறுகின சரிவு, பெரிய வண்டி திரும்ப இடமில்லை. எப்போதும் போல மெயின் ரோட்டு முச்சந்தியில் வந்து நிற்போம், அங்கே கொண்டு வாருங்கள் என்றார்கள்.

நல்லுசாமி பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அன்று அவருக்கு லீவு. மனைவியைப் படியில் கிடத்திவிட்டு நேரே புவனேஸ் வீட்டு வாசலுக்கு ஓடினார். ஆணியில் சாவி இல்லை. பழக்க தோஷத்தில் வெறும் ஆணியைக் கையால் தடவிப் பார்த்தார் என்று பிறகு விக்னேஸ்வரி சொன்னாள்.

மெஷின் சத்தத்தில் புவனேஸ் போனை எடுக்கவில்லை. ஓர் ஆள் ஃபேக்டரிக்கு ஓடி, அவன் அங்கிருந்து ஓடி வந்து காரை எடுப்பதற்குள் ஒன்பது நிமிஷம் போய்விட்டது. பின் இருக்கையில் அம்சவல்லியைப் படுக்க வைத்தார்கள். நல்லுசாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். விக்னேஸ்வரி முன்னால் ஏறினாள். தூக்கிவிட வந்த இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் கூடவே ஓடி வந்தார்கள்.

முந்தின நாள் மழையில் ஓடைக்கல்லைச் சுற்றி மண் அரித்துப்போயிருந்தது. கார் நின்றது. விக்னேஸ்வரி இறங்கினாள். நல்லுசாமியும் மனைவியின் தலையை மெல்லச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். அம்சவல்லி மட்டும் உள்ளே கிடந்தாள்.

புவனேஸ் காரைக் குறுக்காகத் திருப்பினான். ஒரு சக்கரம் ஏறியது. அடுத்தது ஏறும்போது அடியில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டு, கார் கல்மேல் குந்தி உட்கார்ந்துவிட்டது. என்ஜின் எண்ணெய் கறுப்பாக ஓடையில் கலந்து ஓடியது. தள்ளினார்கள், தூக்கிப் பார்த்தார்கள். அது அசையவில்லை. மேலே ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்றால் அந்தப் பள்ளத்தில் போனுக்கு லைன் கிடைக்காது.

கடைசியில் அந்தத் தொழிலாளர்கள் தோளில் கிடந்த, கொழுந்து கட்டுகிற படுதாவில் அவளைக் கிடத்தி, நாலு பேர் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். புவனேஸ் தலைப்பக்கம் பிடித்திருந்தான். பாதி ஏற்றத்தில் அவள் மூச்சுச் சத்தம் நின்றது அவனுக்குத்தான் முதலில் கேட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் வேகமாக ஏறினான்.

முச்சந்தியில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதிலிருந்த மலாய்க்காரப் பெண் ஓடி வந்து ஊசி போட்டாள், நெஞ்சை அழுத்தினாள், வியர்க்க வியர்க்க அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, பதினெட்டு நிமிஷமாக இங்கேயே நிற்கிறோமே என்று மலாயில் சொன்னாள். அவள் குறை சொல்லவில்லை. அழுகிற குரலில்தான் சொன்னாள்.

லயத்தில் ஒருவர்கூடப் புவனேஸைத் திட்டவில்லை. நாலு பேர் திட்டியிருந்தால் அவனுக்குத் தூக்கமாவது வந்திருக்கும். ஆண்டியப்பன் உடைந்த எண்ணெய்த் தொட்டியை மாற்றி, காயலான் கடைக் கார் ஒன்றிலிருந்து பழைய உயரமான ஸ்பிரிங் தேடி எடுத்து மாட்டிக் கொடுத்தார். மாட்டி முடிக்கும்வரை அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவி மறுபடியும் ஆணிக்கு வந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நல்லுசாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான் புவனேஸ். ஓடைக்கல் வந்தது. வேகம் குறைந்ததுதான் தாமதம், நல்லுசாமி கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"எறங்க வேணாம்ணே. இப்ப காரு ஒசரமா இருக்கு."

"நான் எறங்கலப்பா. காலு தானா எறங்குது." சேற்றில் நின்றபடி அவர் கல்லையே பார்த்தார். "அன்னிக்கும் நாங்க எல்லாரும் எறங்கிட்டோம். அவளாலதான் எறங்க முடியல."

புவனேஸ் என்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். நல்லுசாமிக்கே மனசு கேட்கவில்லை.

"விடு தம்பி. ரோடு மோசம். தோட்டத்துத் தொரைக்கு எத்தன கடுதாசி போட்டோம், சரி பண்ணலயே."

"ரோட்டச் சொல்லாதீங்கண்ணே! அது எனக்குப் பொறந்ததுலேருந்து தெரிஞ்ச ரோடு. கார் எப்பிடி வளையணும்னு யோசிச்சேன், அதுல யாரு ஏறுவாங்கன்னு யோசிக்கல. எறங்கி நடக்க முடிஞ்சவனுக்குக் காரே தேவல்ல. எறங்க முடியாதவங்களுக்குத்தான்ணே காரு வேணும். அவங்க உசுருக்கு ஆவாத காரு எவ்வளவு ஒட்டிக்கிட்டு ஓடுனா என்னா? என் ஆசைக்கு நான் ஸ்பிரிங்க வெட்டல, அக்கா மூச்சத்தான் வெட்டிட்டேன்."

நல்லுசாமி காரில் ஏறவில்லை. ஓடையைத் தாண்டி ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தார். புவனேஸ் காலிக் காரை அவருக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். ஓடைக்கல்லைத் தாண்டும்போது அடியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.