வண்டிகளை எண்ண வந்தவர்

பெட்ரோல் வரிப் பணத்தில் தெருவுக்குத் தார் போடுவதற்காகப் பார்வையிட ஆள் வருகிறார் என்றதும், பாவம், எங்கள் தெரு வேன்காரர்தான் வீடுவீடாகப் போய்ச் சொன்னார்: "வண்டிங்களை எல்லாம் பக்கத்துத் தெருவுல விடுங்கப்பா. குழி பளிச்சுனு தெரியட்டும்!"

முதுகெலும்பு நொறுங்கிக் கிடந்த அவர் மனைவி, வேனில் போனால் குழிக்குக் குழி உயிர் போகிறது, தார் போட்டால்தான் இனி ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாள்.

வந்தவரோ குழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை முனையில் உட்கார்ந்து, போகிற வண்டிகளை எண்ணக் காத்திருந்தார்.

"வண்டி ஓடுற தெருவுக்குத்தாண்ணே அந்தப் பணம். இங்க ஒண்ணுகூட ஓடலையே," என்றார் வேன்காரரிடம்.

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்! நாளைக்கு வந்து எண்ணுங்க."

"அடுத்த கணக்கு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்."

வேன்காரர் வீட்டுக்குள் வந்து, மனைவியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"நல்ல ஆளுங்க நீங்க," என்று மெல்லச் சிரித்த மனைவி, "விடுங்க, இனி எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.